பழைய கணினியா, எமுலேட்டரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது 1970களின் கடைசி முதல் 1990களின் நடுப்பகுதி வரை வந்த வீட்டுக் கணினிகளைப் பற்றி: ஆப்பிள் II, கொமடோர் 64, எம்எஸ்எக்ஸ், அமிகா, டாஸ் இயங்குதளம் ஓடிய 286, 386, 486 பிசிகள். எமுலேட்டர் என்பது இன்றைய கணினியில் ஓடிக்கொண்டு அந்தப் பழைய கணினிபோல் நடிக்கும் மென்பொருள். டிவியில் மாட்டி ஆடும் கன்சோல்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை எடுப்பது?

விளையாட்டு வேண்டுமென்றால் எமுலேட்டர். இயந்திரம் வேண்டுமென்றால் அசல். 30, 40 வருடப் பழைய கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் கூடவே பழுதுபார்க்கும் வேலையும் வந்துசேரும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர், சால்டரிங் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர் தாராளமாக வாங்கலாம். சனிக்கிழமை ராத்திரி ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் படுக்க நினைப்பவருக்கு அது தலைவலிதான்.

மனம் ஊசலாடினால் ஒரு மாதம் எமுலேட்டரில் ஆடிப் பாருங்கள். அதற்கப்புறமும் அந்தக் கீபோர்டைத் தொடவேண்டும், டிரைவ் கரகரப்பதைக் கேட்கவேண்டும் என்றிருந்தால் தேட ஆரம்பிக்கலாம்.

எந்தக் கணினிக்கு எந்த எமுலேட்டர்?

கொமடோர் 64க்கு வைஸ். அமிகாவுக்கு விண்டோஸில் வின்யுஏஇ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்எஸ்-யுஏஇ. எம்எஸ்எக்ஸுக்கு ஓப்பன்எம்எஸ்எக்ஸ். டாஸ் விளையாட்டுகளுக்கு டாஸ்பாக்ஸ். அதிலும் இன்று டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற கிளையை எடுப்பது நல்லது, பராமரிப்பு அங்கே உயிரோடு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மதர்போர்டு, குறிப்பிட்ட டிஸ்ப்ளே கார்டு, விண்டோஸ் 95 எல்லாம் சேர்த்து முழுப் பிசியையே எழுப்ப வேண்டுமென்றால் 86பாக்ஸ்.

முதல் நான்கும் பழைய மடிக்கணினியிலோ ராஸ்பெரி பை 4இலோ நன்றாகவே ஓடும். 86பாக்ஸ் அப்படியல்ல. அதில் 486க்கு அடுத்து வந்த பென்டியம் பிசியை முழு வேகத்தில் ஓட்ட, ஒற்றைக் கோர் வேகம் அதிகமுள்ள புதிய சிபியு வேண்டும். கோர்களின் எண்ணிக்கை உதவாது.

எமுலேட்டரில் படம் ஓடும்போது லேசாகத் துள்ளுகிறதே?

பெரும்பாலோர் எமுலேட்டரைக் குறை சொல்லும் இடம் இது. குறை பெரும்பாலும் மானிட்டரில்.

ஐரோப்பாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த கொமடோர், அமிகா எல்லாம் பிஏஎல் முறை: நொடிக்கு 50 படம். உங்கள் மானிட்டர் 60 காட்டுகிறது. பற்றாக்குறையான 10 படங்களை ஈடுகட்ட, ஐந்துக்கு ஒரு படம் இரண்டு தடவை காட்டப்படுகிறது. நொடிக்குப் பத்து முறை அந்தத் தயக்கம். பின்னணி பக்கவாட்டில் நகரும் விளையாட்டில் கண் இதை உடனே பிடித்துவிடும். டாஸில் கதை தலைகீழ். 320க்கு 200 புள்ளி விஜிஏ படம் நொடிக்கு 70 முறை வரும். 60 மானிட்டரில் நொடிக்குப் பத்துப் படம் காணாமல் போகும்.

முதலில் விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் இருக்கிறதா பாருங்கள். பல டிவிகள் ஏற்றுக்கொள்ளும், பல கணினி மானிட்டர்கள் மறுக்கும். மறுத்தால், ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் போன்ற மாறும் புதுப்பிப்பு வசதியுள்ள மானிட்டர் 50, 60, 70 மூன்றையும் சமாளிக்கும். அதன் கீழ் எல்லை 48 ஹெர்ட்ஸோ அதற்கும் குறைவோ என்று விவரத்தாளில் பார்த்து வாங்குங்கள்.

படத்தை மென்மையாக்க வேண்டுமென்று பிஏஎல் விளையாட்டை நொடிக்கு 60 படம் காட்டும் என்டிஎஸ்சி முறைக்கு மாற்றாதீர்கள். வேகமும் இசையும் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். சில விளையாட்டு ஓடவே ஓடாது.

பழைய விளையாட்டில் ஆட்கள் எல்லாம் ஏன் குட்டையாகத் தெரிகிறார்கள்?

320க்கு 200 படம் 4:3 திரைக்காக வரையப்பட்டது. அந்தத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். எமுலேட்டர் அதைச் சதுரமாகக் காட்டினால் வட்டம் முட்டையாகும், ஆள் அமுங்குவார். டாஸ்பாக்ஸில் ஆஸ்பெக்ட் திருத்தத்தை இயக்கவும். குறுக்கே 5 மடங்கு, நெடுக்கே 6 மடங்கு பெருக்கினால் 1600க்கு 1200 கிடைக்கும். எந்தப் புள்ளியும் மங்காது. 1440 உயரமுள்ள மானிட்டரில் இது அப்படியே அடங்கும்.

பொத்தானை அழுத்தினால் தாமதமாகக் குதிக்கிறது.

டிவியில் ஆடினால் முதலில் கேம் மோடைப் போடுங்கள். படத்தை அழகுபடுத்தும் வேலைகளுக்கு டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் மற்ற எல்லாத் தாமதத்தையும் விழுங்கிவிடும். புளூடூத் ஹெட்போனைக் கழற்றுங்கள். ஒலி பின்தங்கினால் கையும் பின்தங்கியதுபோல் தோன்றும். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்க் பயன்படுத்துபவர்கள், தாமதத்தைக் குறைக்கும் ரன்-அஹெட் வசதியில் 1 படம் வைத்துப் பார்க்கலாம். 2க்கு மேல் போனால் அசைவு வெட்டி வெட்டி வரும்.

டாஸ் விளையாட்டு தலைதெறிக்க ஓடுகிறது. எப்படி அடக்குவது?

1980களில் எழுதிய பல விளையாட்டுகளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது; சிபியு எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாக ஓடும். டாஸ்பாக்ஸில் கன்ட்ரோலும் எஃப்11உம் சேர்த்து அழுத்தினால் வேகம் குறையும், கன்ட்ரோலோடு எஃப்12 கூட்டும். வேகத்தைக் குறிக்கும் சைக்கிள்ஸ் அளவை 3000இல் தொடங்குங்கள். 286 காலத்து விளையாட்டுக்கு அது அருகில் வரும். 486 காலத்து முப்பரிமாண விளையாட்டுக்கு 25,000 பக்கம் போகவேண்டும். சரியான எண் கிடைத்ததும் அந்த விளையாட்டுக்கென்று தனிக் கான்ஃபிக் கோப்பில் எழுதிவையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண் சரிவராது.

அசல் 486இல் இதே சிக்கலுக்குத் தீர்வு கேஸின் முகப்பில் இருக்கும் டர்போ பொத்தான். பெயர் டர்போ; வேலை வேகத்தைக் குறைப்பது.

ஒலி வரவில்லை, அல்லது இசை மட்டும் வருகிறது.

விளையாட்டின் செட்டப்பில் சவுண்ட் பிளாஸ்டர் ஒலிக் கார்டைத் தேர்ந்தெடுத்து, போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 கொடுங்கள். கார்டு கணினியோடு பேசும் வழிகளின் எண்கள் இவை. டாஸ்பாக்ஸின் இயல்பான அமைப்பு இதுதான். அசல் சவுண்ட் பிளாஸ்டர் 16இல் ஐஆர்க்யூ பெரும்பாலும் 5. 7ஐப் பிரிண்டர் போர்ட் பிடித்துக்கொண்டிருக்கும். இசை வந்து துப்பாக்கிச் சத்தம் வராவிட்டால் ஐஆர்க்யூவோ டிஎம்ஏவோ தவறு என்று பொருள். இசைக்கு அவை இரண்டும் தேவையில்லை.

சவுண்ட் பிளாஸ்டர் நம் சிங்கப்பூர்ச் சரக்கு. சிம் வோங் ஹூ 1981இல் சைனாடவுனின் பெர்ல்ஸ் சென்டரில் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி 1989இல் வெளியிட்ட கார்டு அது. உலகம் முழுக்க டாஸ் விளையாட்டுகளின் செட்டப் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. அசல் பிசி கட்டுபவர் வேறெதில் சமரசம் செய்தாலும் இந்தக் கார்டை இங்கே தேடி எடுப்பதில் ஒரு நியாயம் உண்டு. வாங்கும்போது கார்டின் மேல் யமாஹா ஒய்எம்எஃப்262 சிப் அல்லது சிடி1747 சிப் இருக்கிறதா பாருங்கள். பிற்காலக் கார்டுகளில் சிக்கனத்துக்காக வேறு இசைச் சுற்று வைத்தார்கள். அதன் இசையில் ஒரு தகர ஓசை கேட்கும்.

மிஸ்டர் என்கிறார்களே, அது எந்த ரகம்?

டிஇ10-நானோ என்ற எஃப்பிஜிஏ போர்டில் பழைய கணினியின் சுற்றையே மறுபடி அமைத்துவிடுகிறார்கள். மென்பொருள் பாவனை செய்வதற்குப் பதில் சிப்புக்குள் கம்பிகளே அந்தக் கணினிபோல் இணைகின்றன. தாமதம் மிகக் குறைவு, பழைய சிஆர்டி (படக்குழாய்) டிவிக்கும் நேரடியாகப் படம் கொடுக்கும். 128 எம்பி எஸ்டிரேம் நினைவகத் தட்டையும் சேர்த்து வாங்கவேண்டும், அது இல்லாமல் பல கோர்கள் (ஒவ்வொரு கணினிக்குமான சுற்று வடிவமைப்புகள்) ஓடாது. கொமடோர், அமிகா, எம்எஸ்எக்ஸ் மூன்றுக்கும் அருமை. பிசிக்கான ஏஓ486 கோர் 486இன் நடுத்தர வேகத்தோடு நின்றுவிடும். பென்டியம் காலத்து விளையாட்டுக்கு இதை நம்பி வாங்கவேண்டாம்.

அசல் வாங்க முடிவுசெய்துவிட்டேன். இங்கே எங்கே தேடுவது?

சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடியதோடு தரையில் விரித்துவைத்த பொருளைப் புரட்டிப் பார்க்கும் காலம் போய்விட்டது. இப்போது பெரும்பாலும் பழைய பொருள் விற்கும் இணையத்தளமான கேரோசல்தான். உதிரிபாகங்களுக்கு, அதாவது கெப்பாசிட்டர், டயோடு, கனெக்டர், சால்டர் ஈயம் போன்றவற்றுக்கு, ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர். தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். எதிரே இருக்கும் சிம் லிம் ஸ்குவேரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது முழுப் பொருள் விற்கும் இடம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. 400 வெள்ளி வரையிலான பொருளுக்குப் பதிவுபெற்ற விற்பனைத் தளமே விலையோடு சேர்த்து வாங்கிவிடும்; அதற்கு மேல் போனால் பொருள் இங்கே இறங்கும்போது கட்டவேண்டும். அந்த 400இன் கணக்கில் அனுப்பும் செலவு சேராது. ஆனால் இறங்கும்போது கட்டும் வரிக்கு அதுவும் சேரும். கனமான கணினிக்கு இது சிறு தொகை அல்ல.

விற்பவர் வீட்டில் எதைப் பார்க்கவேண்டும்?

“நன்றாக இருக்கிறது, சோதிக்கவில்லை” என்று எழுதியிருந்தால், சோதித்தார், வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். எட்டு திருகைக் கழற்றி உள்ளே பார்க்கச் சம்மதிக்கிறாரா கேளுங்கள்.

286 முதல் 486 வரையிலான மதர்போர்டுகளில் பீப்பாய் வடிவ நீலநிற நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்று ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும், 3.6 வோல்ட். கீபோர்டு செருகும் இடத்துக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கும். அதைச் சுற்றிப் பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு இருந்தால் காரம் கசிந்துவிட்டது. போர்டு உயிர் பெற்றாலும் கீபோர்டு வேலை செய்யாமல் போவது இதனால்தான். அமிகா 500இன் நினைவக விரிவாக்கத் தட்டிலும் இதே பேட்டரி, இதே கதி. அமிகா 600, 1200 இரண்டிலும் பேட்டரி இல்லை. ஆனால் போர்டின் மேல் ஒட்டிய சிறு கெப்பாசிட்டர்கள் எல்லாம் கசியும் ரகம். மாற்றாத 1200ஐ வாங்கினால் மாற்றும் செலவையும் விலையில் கழியுங்கள்.

பேட்டரி கசிந்த போர்டைக் காப்பாற்ற முடியுமா?

போர்டில் மின்சாரம் ஓடும் செம்புப் பாதைகள் அரித்துப்போகாமல் இருந்தால் முடியும். பேட்டரியை வெட்டி எடுங்கள். கசிந்தது காரம், ஆகவே வெள்ளை வினிகரைப் பழைய பல்துலக்கியில் தொட்டுத் தேயுங்கள், நுரை அடங்கும்வரை. பிறகு காய்ச்சி வடித்த நீர், அதன்பின் 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஒரு நாள் முழுக்க உலரட்டும். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி ஒலியில் வைத்து, கறுத்த பாதைகளை ஒவ்வொன்றாக இரு முனையிலும் தொட்டுப் பாருங்கள். ஒலிக்காத பாதைக்கு மெல்லிய கம்பி இழுத்து ஒட்டவேண்டும்.

புதிதாக அதே பேட்டரியை வைக்காதீர்கள். சிஆர்2032 வட்டுப் பேட்டரி வைப்பவர்கள் வரிசையில் ஒரு டயோடு சேர்க்க மறந்துவிடுகிறார்கள். போர்டு பழைய பேட்டரியைச் சார்ஜ் செய்யப் பழகியது. சார்ஜ் ஏற்றக்கூடாத வட்டுப் பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தள்ளினால் அது உப்பி வெடிக்கும்.

வாங்கி வந்தாயிற்று. உடனே சுவிட்சைப் போடலாமா?

கூடாது. இங்கே மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வந்த பிசியின் பின்பக்கம் சிறிய சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அது 115இல் இருந்தபடி நம் பிளக்கில் செருகினால் ஒரு வெடிச் சத்தத்தோடு கதை முடிந்தது. ஜப்பானிய எக்ஸ்68000, எஃப்எம் டவுன்ஸ், பிசி-9801 எல்லாம் 100 வோல்ட். 110க்கு இறக்கும் சாதாரண டிரான்ஸ்பார்மர் போதாது, 100க்கு இறக்குவதைக் கேட்டு வாங்குங்கள். கணினியின் பின்னால் எழுதியுள்ள வாட்டைப்போல் இரு மடங்கு தாங்குவதாக இருக்கட்டும். பயணத்துக்கு விற்கும் இலேசான கன்வெர்ட்டர் ஆகாது.

கொமடோர் 64இன் அசல் மின் பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அதற்குள் 5 வோல்ட் சீராக்கியைப் பிசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். சூடு வெளியேறாது, திறந்து பழுதுபார்க்கவும் முடியாது. சீராக்கி செத்தால் மின்னழுத்தம் குறையாது, ஏறும். ஏறிய அழுத்தம் ரேம் சிப்புகளை ஒரே அடியில் கொல்லும். மீட்டரில் 5 காட்டியதே என்று நம்பாதீர்கள், அரை மணி நேரம் சூடானபின்தான் அது ஏறத் தொடங்கும். 5.25ஐத் தாண்டினால் உடனே பிடுங்குங்கள். இந்தப் பெட்டியைச் சோதித்துக்கொண்டிருப்பதைவிட, புதிதாகச் செய்த மாற்றுப் பெட்டி வாங்கிவிட்டுப் பழையதை அலமாரியில் வைப்பதே புத்தி.

ஆப்பிள் II போன்றவற்றின் மின்வழங்கிக்குள் ரிஃபா என்று எழுதிய, பழுப்புக் கண்ணாடிபோல் தெரியும் கெப்பாசிட்டர் இருந்தால் ஓட்டுவதற்கு முன்பே மாற்றுங்கள். மேலோட்டில் நரம்புபோல் விரிசல் தெரியும். அதன் வழியே ஈரம் உள்ளே போய், ஓடிய சில நிமிடத்தில் புகையும். அந்த நாற்றம் வீட்டில் மூன்று நாள் நிற்கும். எக்ஸ்2 வகை, 275 வோல்ட், பழையதில் எழுதிய அதே மைக்ரோஃபராட் அளவில் வாங்குங்கள். மின்வழங்கியைத் திறக்கப் பழக்கமில்லாதவர் பழகியவரிடம் கொடுக்கவேண்டிய வேலை இது.

சிங்கப்பூர் ஈரத்தில் எப்படிப் பாதுகாப்பது?

விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது இங்கே வழக்கம். வீவக வீட்டில் மிகத் தவறான இடம் பாம் ஷெல்டர்: கதவைச் சாத்தினால் காற்றோட்டம் அற்றுப்போகும். அட்டைப்பெட்டியோடு வைத்தால் அட்டையே ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைக்கும்.

பிளாப்பி, கார்டு, சிப்பு போன்ற சிறியவற்றுக்குக் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினெட், 40 முதல் 50 விழுக்காட்டில். பெரிய கணினிக்கு மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியும் அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லும், உள்ளே ஒரு சிறு ஈரமானியும். ஜெல் நிறம் மாறினால் ஓவனில் 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்து மறுபடி பயன்படுத்தலாம். தண்ணீர் சேரும் டப்பா வகை ஈர உறிஞ்சியை மட்டும் கணினிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். டப்பாவில் சேர்வது கால்சியம் குளோரைடு கரைந்த உப்புநீர். கவிழ்ந்தால் போர்டு அரித்துப்போகும்.

குளிரூட்டிய படுக்கையறையில் இருந்த கணினியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தால் உள்ளே பனி படியும். ஒரு மணி நேரம் கழித்துச் சுவிட்சைப் போடுங்கள்.

பிளாப்பிகள் படிக்குமா?

உலோகத் தட்டியை ஒதுக்கி, வட்டைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளையாக மேகம்போல் திட்டு இருந்தால் பூஞ்சை. டிரைவில் போடாதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டும், அந்த ஹெட் அடுத்து வரும் நல்ல வட்டையும் கீறும். நல்லவற்றை முதலில் கிரீஸ்வீசல் என்ற சிறு போர்டு வழியாக வட்டுப் படமாக, அதாவது முழு வட்டின் நகல் கோப்பாக, எடுத்துவையுங்கள். சாதாரண பிசி டிரைவை வைத்தே அமிகா வட்டுகளையும் படித்துவிடும்.

அன்றாட ஆட்டத்துக்குப் பிளாப்பியை நம்பவே வேண்டாம். டிரைவின் இடத்தில் பிளாப்பி டிரைவ்போல் நடிக்கும் கோடெக் கருவியைப் பொருத்தி, ஃபிளாஷ்ஃப்ளாப்பி மென்பொருள் ஏற்றி, யுஎஸ்பி குச்சியில் நூறு வட்டுப் படங்கள் வைத்துக்கொள்ளலாம். குச்சியை எஃப்ஏடி32 முறையில் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவ் விளக்கு ஓயாமல் எரிந்தால் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறீர்கள். கொமடோருக்கு எஸ்டி கார்டில் ஓடும் எஸ்டி2ஐஇசி. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு. பழைய 486இன் பயாஸ் (கணினியைத் துவக்கும் நிரல்) சுமார் 528 மில்லியன் பைட்டுக்கு மேல் பார்க்காது என்பதால் 512 எம்பி கார்டே நிம்மதி. அசல் கணினி, புதுச் சேமிப்பு என்ற இந்த நடுவழியில்தான் பெரும்பாலோர் கடைசியில் வந்து நிற்கிறார்கள்.

சிஆர்டி டிவி கட்டாயமா?

இல்லை. ஒளித் துப்பாக்கி விளையாட்டுகளுக்கு மட்டும் கட்டாயம். அமிகா கொடுக்கும் 15 கிலோஹெர்ட்ஸ் படத்தை இன்றைய மானிட்டர் ஏற்காது, ஓஎஸ்எஸ்சி அல்லது ரெட்ரோடிங்க் போன்ற மாற்றி வேண்டும். டாஸ் பிசிக்கு விஜிஏ துளையுள்ள 4:3 எல்சிடி மானிட்டரே போதும். சிஆர்டி கிடைத்தாலும் 14 அங்குலத்தைத் தாண்டாதீர்கள். 29 அங்குலத்தை மின்தூக்கியிலிருந்து வீடுவரை கொண்டுவர இரண்டு பேர் வேண்டும். பின்மூடியைத் திறக்காதீர்கள், குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும்.

மஞ்சளான பெட்டியை வெளுக்கலாமா?

வெயில் நமக்கு இலவசம். சிகையலங்காரக் கடைகளுக்கு விற்கும் 40 வால்யூம் கிரீம், அதாவது 12 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு, கையுறையோடு பூசி, மெல்லிய பிளாஸ்டிக்கால் மூடி வெயிலில் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கிரீமைப் பரப்பாவிட்டால் வரிவரியாக வெளுக்கும், அதைத் திருத்த முடியாது. மதிய மழைக்கு முன் எடுத்துவிடுங்கள். சில வருடத்தில் மஞ்சள் திரும்பி வரும்.

விளையாட்டுக் கோப்புகளை இணையத்தில் இறக்குவது சட்டப்படி சரியா?

நீங்கள் சொந்தமாக வைத்திருக்கும் நிரலுக்குக் காப்புப் பிரதி எடுக்கச் சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. யாரோ ஏற்றிவைத்ததை இறக்குவதற்கு அது அனுமதி ஆகாது. விளையாட்டு கடையில் இல்லை என்பதும் காரணமாகாது. டாஸ் விளையாட்டுகள் பல ஜிஓஜி தளத்தில் டாஸ்பாக்ஸோடு சேர்த்தே விற்கப்படுகின்றன. அமிகாவைத் துவக்கத் தேவையான நிரல் அடங்கிய கிக்ஸ்டார்ட் ரோம், அமிகா ஃபாரெவர் தொகுப்பில் உரிமத்தோடு வருகிறது. எம்எஸ்எக்ஸுக்கு இலவசமான சி-பயாஸ் உண்டு.

வாங்கிய கணினி செத்துவிட்டது. தூக்கிப் போடவா?

முதலில் சாக்கெட்டில் இருக்கும் சிப்புகளைக் கழற்றுங்கள். கொமடோரின் சிட் இசைச் சிப், அமிகாவின் கிக்ஸ்டார்ட் ரோம், ஓடும் கீபோர்டு ஆகியவற்றுக்குத் தனியாக ஆள் இருக்கிறது; கடத்தும் கறுப்பு நுரையில் குத்தி வையுங்கள், சாதாரண வெள்ளை நுரை மின்னேற்றத்தால் சிப்பைக் கெடுக்கும். மிச்சத்தை மின்கழிவுத் தொட்டியில் போடலாம். தொட்டியின் வாய் சிறியது. அதற்குள் போகாத மானிட்டரையும் டிவியையும் எடுத்துப்போக டவுன் கவுன்சிலின் பெரிய பொருள் அகற்றும் சேவையைக் கேளுங்கள், புளோக்கின் கீழே வைத்துவிட்டு வராதீர்கள்.